மகுடமும் மனிதரும்: ஹெவிவெயிட் குத்துச்சண்டை அன்றும் இன்றும்

விளையாட்டுகளுள் ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் போன்று தன் கடந்த காலத்தோடு ஓயாது ஒப்பிடப்படும் ஒன்று வேறில்லை எனலாம். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட வீரர்களே வீரர்கள் என்றும், பின்வந்தோர் அவர்களின் நிழல்கள் என்றும் சொல்லி வந்துள்ளது. ஜாக் டெம்ப்சியைக் கண்டவர்கள் ஜோ லூயிஸை ஐயுற்றனர். லூயிஸைக் கண்டவர்கள் முஹம்மது அலியை ஐயுற்றனர். அலியைக் கண்டவர்களோ அவருக்குப் பின் எவரையும் ஏற்க மறுத்தனர்.

இவ்விவாதம் முஸ்லிம் சமூகங்களுக்கும் அந்நியமானதன்று. அலி என்ற ஒரு பெயரின் காரணமாக, குத்துச்சண்டையின் விதிகளையே அறியாத இல்லங்களிலும் இவ்விளையாட்டு பேசப்பட்டது. 1980ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வருகை தந்து, முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியொன்றில் பங்கேற்றபோது தமிழகம் அவருக்கு அளித்த வரவேற்பு, வெறும் விளையாட்டு வீரர் ஒருவருக்கு அளிக்கப்பட்டதாக இருக்கவில்லை. ஆகவே, இன்றைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை முன்னைய காலங்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றது, அவ்வேறுபாடு உண்மையில் வீழ்ச்சிதானா, பொற்காலம் என்று நாம் ஏங்கும் காலம் அதன் வீரர்களிடம் பெற்றுக்கொண்ட விலை யாது ஆகிய வினாக்களை இங்கு ஆராய விழைகின்றோம்.

ஒப்பீட்டின் அளவுகோல்

வெவ்வேறு காலத்து வீரர்களை உடலளவு கொண்டு ஒப்பிட முனைவோர் முதலடியிலேயே இடர்ப்படுவர். 49 போட்டிகளில் 49ஐயும் வென்று 1956இல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவின் எடை ஏறத்தாழ 85 கிலோ. டெம்ப்சியின் எடையும் அவ்வளவே. இன்றைய வகைப்பாட்டில் 90.7 கிலோ வரையிலான வீரர்கள் ‘குரூஸர்வெயிட்’ எனும் தனிப் பிரிவில் இடம்பெறுவதால், அவ்விரு மாவீரர்களும் இன்று பிறந்திருப்பின் ஹெவிவெயிட் மேடையில் ஏறியிருப்பரா என்பதே ஐயம். 1971இல் அலியை எதிர்கொண்ட ஜோ ஃப்ரேசியரின் எடை ஏறக்குறைய 93 கிலோ. 2024 மே மாதம் ரியாதில் களமிறங்கிய டைசன் ஃபியூரியோ 119 கிலோ எடையும், ஆறடி ஒன்பது அங்குல உயரமும் கொண்டவர். பெயர் ஒன்றாயினும், இவர்கள் ஆடியது ஒரே எடைப் பிரிவு என்று கூறுவது கடினம்.

வெற்றித் தோல்விக் கணக்கும் நம்பத்தகுந்த அளவுகோல் ஆகாது. தோல்வியே காணாத வீரர் எனும் சிறப்பு, வலிய எதிரிகளைத் தவிர்ப்பதன் மூலமும் கிட்டக்கூடும். ஜோ லூயிஸ் 1936இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார். 1938 ஜூன் 22ஆம் நாள் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். அத்தோல்வியின்றி அவ்வெற்றிக்குப் பொருளேது?

எனவே, எல்லாக் காலங்களுக்கும் பொருந்தக்கூடிய அளவுகோல் ஒன்றையே நாம் இங்கு கையாள்கின்றோம். ஒரு சாம்பியன் தன் காலத்தின் வலிமைமிக்க எதிரிகளுள் யாரை எதிர்கொண்டார், யாரைத் தவிர்த்தார் என்பதே அது. ஒரு வீரரை எடைபோட மட்டுமன்றி, அவர் ஆடிய காலத்தின் ஒழுங்கை எடைபோடவும் இவ்வளவுகோல் உதவும்.

ஒரே மகுடத்தின் காலம்

கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை, வீழ்ந்தவர் எழுந்திருக்கப் பத்து விநாடி அவகாசம் ஆகியவற்றை நெறிப்படுத்திய குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் இங்கிலாந்தில் வெளியாயின. அதுகாறும் வெறுங்கையாலேயே சண்டையிட்டு வந்தனர். வெறுங்கைச் சண்டையின் கடைசிப் பெரும் சாம்பியனான ஜான் எல். சல்லிவன், 1889இல் மிசிசிப்பியில் ஜேக் கில்ரெயினுடன் 75 சுற்றுகள் மோதினார். 1892இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் கையுறை அணிந்து ஜேம்ஸ் கார்பெட்டிடம் பட்டத்தை இழந்தார். நவீன ஹெவிவெயிட் வரலாறு அங்கிருந்தே தொடங்குவதாகக் கொள்வர்.

அக்காலத்தில் உலகிற்கு ஒரு சாம்பியனே இருந்தார் என்பதைப் பழமை விரும்பிகள் பெருமையோடு நினைவுகூர்வர். அது உண்மையே. ஆனால் அம்மகுடத்தை நோக்கிய பாதை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. கறுப்பினத்தவருடன் பட்டத்திற்காக மோத சல்லிவன் மறுத்தார். அவ்வழக்கத்தை உடைத்தவர் ஜாக் ஜான்சன். அவர் டாமி பர்ன்ஸை உலகெங்கும் துரத்திச் சென்று, 1908 டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வென்று முதல் கறுப்பின சாம்பியனானார். ஓய்விலிருந்த ஜிம் ஜெஃப்ரிஸை வெள்ளையினத்தின் மானங்காக்க மீண்டும் அழைத்து வந்தனர்; 1910 ஜூலை 4ஆம் நாள் ரெனோ நகரில் ஜான்சன் அவரையும் வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின. களத்தில் வெல்ல இயலாதவரைச் சட்டத்தின் துணைகொண்டு வீழ்த்த முற்பட்டனர். 1913இல் ஜான்சன் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அத்தீர்ப்பின் அநீதியை ஏற்று அவருக்கு மன்னிப்பு வழங்க அமெரிக்க அரசுக்கு 2018ஆம் ஆண்டு வரை காலம் தேவைப்பட்டது.

1915இல் ஹவானாவில் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் அதை வெல்லும் வரையிலான 22 ஆண்டுகளில் கறுப்பின வீரர் எவருக்கும் பட்டத்திற்காக மோதும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. 1919 முதல் 1926 வரை சாம்பியனாக இருந்த டெம்ப்சி, அக்காலத்தின் வலிமைமிக்க கறுப்பின வீரரான ஹாரி வில்ஸை ஒருபோதும் சந்திக்கவில்லை. நாம் கைக்கொண்ட அளவுகோலால் நோக்கின், டெம்ப்சியின் காலத்தில் ஒரு மகுடம் இருந்ததே தவிர ஓர் உலக சாம்பியன் இருந்தாரா என்பது வினாவிற்குரியதே.

லூயிஸின் ஆட்சி அக்குறையை நீக்கியது. 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து 25 முறை பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 1941ஆம் ஆண்டில் மட்டும் ஏழு முறை களம் கண்டார். ஆயினும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தன் பரிசுத் தொகையைப் படையினர் நிவாரண நிதிகளுக்கு அளித்த அதே மனிதர், பின்னர் வரிக் கடனில் அமிழ்ந்து, இறுதி நாள்களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் அமர்ந்தார். 1950களிலோ இவ்விளையாட்டு குற்றக் கும்பல்களின் பிடியில் சிக்கியிருந்தது. அவற்றின் தலைவர்களுள் ஒருவரான ஃபிராங்கி கார்போ 1961இல் தண்டிக்கப்பட்டார். ஒரே மகுடத்தின் காலம் நேர்மையின் காலம் என்று கொள்வது வரலாற்றுக்கு முரணானது.

எழுபதுகளின் பெருமை

1967 ஏப்ரல் 28ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் இராணுவத்தில் சேர மறுத்த அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. அதனால் பிளவுபட்ட மகுடத்தை, 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிஸை வென்று ஃப்ரேசியர் ஒன்றாக்கினார். மூன்றரை ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த அலி அவ்வாண்டு அக்டோபரில் மேடைக்குத் திரும்பினார். அதன்பின் வந்த எட்டாண்டுகளையே ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் பொற்காலம் என்பர்.

அவ்வாறு கூறப்படுவதன் காரணம் எளிது. அக்காலத்தின் வலியவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்று மோதினர். அலி ஃப்ரேசியரை மூன்று முறையும், கென் நார்ட்டனை மூன்று முறையும், ஜார்ஜ் ஃபோர்மனை ஒரு முறையும் எதிர்கொண்டார். ஃபோர்மன் ஃப்ரேசியரை இருமுறை வென்றார்; நார்ட்டனையும் வென்றார். பட்டம் பெறாத ஜெர்ரி குவாரி கூட அலியுடன் இருமுறையும் ஃப்ரேசியருடன் இருமுறையும் மோதியவர். ஃப்ரேசியரும் நார்ட்டனும் தம்முள் மோதாதிருந்தனர். இருவருக்கும் எடீ ஃபுட்ச் எனும் ஒரே பயிற்சியாளர் வாய்த்திருந்தார்.

1971 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தோல்வியே காணாத இருவர் மோதினர். இருவருக்கும் சமமாக 25 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. பதினைந்து சுற்றுகளின் முடிவில் ஃப்ரேசியர் வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் அதே ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். அவ்வாண்டு மார்ச்சில் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அலியை வென்றவர்களுள் ஒருவரான நார்ட்டனை ஃபோர்மன் இரண்டு சுற்றுகளில் முடித்ததைக் கண்ட உலகம், 1974 அக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாசாவில் அலியின் உயிருக்கே அஞ்சியது. எட்டாம் சுற்றில் வீழ்ந்தவரோ ஃபோர்மன்!

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வீரர்கள் அனைவரும் தோற்றனர். தோல்வி அவர்களின் சந்தை மதிப்பை அழித்துவிடவில்லை. மகுடம் ஒன்றே என்பதால், அதை விரும்பியவர் அதை வைத்திருந்தவரைச் சந்தித்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தது. தனிமனிதத் துணிவுக்கு அவ்வமைப்பும் துணைநின்றது.

சிதறிய மகுடம்

1978இல் அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், அவருடனேயே மறுபோட்டிக்கு இசைந்தமையால், உலகக் குத்துச்சண்டைப் பேரவை தன் பட்டத்தை அவரிடமிருந்து பறித்து நார்ட்டனுக்கு அளித்தது. அன்றுமுதல் மகுடம் இரண்டாயிற்று. 1983இல் சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பும், 1988இல் உலகக் குத்துச்சண்டை அமைப்பும் தோன்றி, மகுடங்கள் நான்காயின. ஒவ்வோர் அமைப்பும் தன் பட்டத்திற்கான போட்டியில் ஒப்புதல் கட்டணம் பெறுகின்றது. ஒவ்வொன்றும் தனித் தரவரிசையையும், கட்டாய எதிராளியையும் அறிவிக்கின்றது. சாம்பியன்கள் பெருகினால் கட்டணமும் பெருகும். மகுடம் சிதறியதற்கும் சிதறியே இருப்பதற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

மைக் டைசன் 1986 நவம்பரில் இருபது வயதில் பட்டம் வென்று, 1987 ஆகஸ்டில் அன்றைய மூன்று பெரும் பட்டங்களையும் ஒன்றாக்கினார். 1999 நவம்பரில் எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று லெனாக்ஸ் லூயிஸ் ஒன்றாக்கினார். அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் ஐயத்திற்கிடமற்ற ஒரு சாம்பியன் இருக்கவில்லை. உக்ரேனிய சகோதரர்களான விட்டாலி கிளிட்ச்கோ, விளாடிமிர் கிளிட்ச்கோ ஆகியோர் பட்டங்களைத் தம்மிடையே பங்கிட்டுக்கொண்ட காலம் அதில் அடங்கும். தாய்க்கு அளித்த வாக்கின் காரணமாக அவர்கள் தம்முள் மோதவில்லை. மனித நேயத்தின் நோக்கில் அது போற்றத்தக்க முடிவு. ஆயின் மகுடத்திற்கு அது ஒருமையைத் தரவில்லை.

இதே காலத்தில் களத்தின் புவியியலும் மாறியது. ஒலிம்பிக்கின் அதிக எடைப் பிரிவுகளில் அமெரிக்கா கடைசியாகத் தங்கம் வென்றது 1988இல். பருத்த உடலும் விரைவும் வாய்க்கப்பெற்ற அமெரிக்க இளைஞர்களை அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் நிலையான ஊதியம் காட்டி ஈர்த்துக்கொண்டன. மறுபுறம், சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அதன் குடியரசுகளில் பயின்ற வீரர்களுக்குத் தொழில்முறைக் களம் திறந்தது. இன்றைய முன்னணி வீரர்களுள் பெரும்பாலோர் உக்ரேன், பிரிட்டன் முதலிய நாடுகளினர் என்பதன் பின்னணி இதுவே.

இன்றைய நிலை

இவ்வளவும் கூறியபின், இன்றைய வீரர்கள் தாழ்ந்தவர்கள் என்ற முடிவிற்கு நாம் வந்துவிடலாகாது. உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக் அம்முடிவை மறுக்கின்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், குரூஸர்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் 2018இல் ஒன்றாக்கியபின் ஹெவிவெயிட் பிரிவுக்கு வந்தார். 2021 செப்டம்பரில் இலண்டனில் ஆந்தணி ஜோஷுவாவை வென்றார். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது தாயகம் திரும்பி ஊர்காவல் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜித்தாவில் ஜோஷுவாவை மீண்டும் வென்றார். 2024 மே 18ஆம் நாள் ரியாதில், தன்னைவிட ஏறத்தாழ 18 கிலோ கூடுதல் எடைகொண்ட ஃபியூரியை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். டிசம்பரில் மீண்டும் அவரை வென்றார். 2025 ஜூலை 19ஆம் நாள் வெம்பிளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி, நான்கு பட்டங்களையும் இரண்டாம் முறையாக ஒன்றாக்கினார். 2021 முதல் 2025 வரை அவர் ஆடிய ஆறு பட்டப் போட்டிகளுள் ஒன்றேனும் அவர் தாயகத்தில் நடைபெறவில்லை. யாரை எதிர்கொண்டார் என்ற அளவுகோலால் நோக்கின், உசிக் எக்காலத்து சாம்பியனுக்கும் அருகில் நிற்கத் தகுந்தவர்.

குறை வீரரிடத்தில் அன்று, ஒழுங்கிலேயே உள்ளது. 2024இல் ஒன்றான மகுடம் ஒரு மாதத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே கலைந்தது. கட்டாய எதிராளியின் முறை என்று கூறி ஓர் அமைப்பின் பட்டம் விலகிச் சென்றது. 2025 ஜூலையில் ஒன்றானது நவம்பரில் மீண்டும் கலைந்தது. லூயிஸ் ஓராண்டில் ஏழு முறை ஆடிய மேடையில், உசிக் நான்காண்டுகளில் ஆறு முறையே ஆடினார். ஜோஷுவாவும் ஃபியூரியும் ஒரே நாட்டவர். ஒரே பத்தாண்டில் பட்டங்களைத் தாங்கியவர்கள். ஆயினும் 2025 முடியும்வரை அவ்விருவரும் மேடையில் சந்திக்கவில்லை. தோல்வியற்ற கணக்கு ஒரு முதலீடாகிவிட்ட சந்தையில், முதலீட்டைப் பணயம் வைக்கத் தயங்குவது இயல்பே. 2024 நவம்பரில் 58 வயதான டைசன், இணையத்தின் வாயிலாகப் புகழ்பெற்ற ஜேக் பாலுடன் மோதிய காட்சியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டனர். பட்டமும் தரவரிசையும் இல்லாமலேயே மக்கள் திரள்வர் என்பதைச் சந்தை அன்று கண்டுகொண்டது.

அமைப்புகளும் ஏற்பாட்டாளர்களும் நடத்தத் தவறிய போட்டிகளை நடத்திக்காட்டியது சவூதி அரேபியாவின் செல்வம் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 2019 டிசம்பரில் திரிய்யாவில் நடைபெற்ற ஆண்டி ரூயிஸ் – ஜோஷுவா மறுபோட்டி முதல், உசிக் – ஃபியூரி போட்டிகள் வரை, இப்பிரிவின் பெரும் மோதல்கள் பல அம்மண்ணில் நிகழ்ந்தன. இதை நாம் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

பெருமைக்குக் கொடுத்த விலை

வலியவர் வலியவரை மீண்டும் மீண்டும் சந்தித்தமையே எழுபதுகளின் பெருமை என்றோம். அதே சந்திப்புகள் உடல்களில் என்ன எழுதிச் சென்றன என்பதைக் கூறாமல் அப்பெருமையை முழுமையாகக் கூறியவர்கள் ஆகமாட்டோம்.

1975 அக்டோபர் 1ஆம் நாள் மணிலாவில் நடைபெற்ற மூன்றாம் அலி – ஃப்ரேசியர் போட்டி, வரலாற்றின் மிகச் சிறந்த போட்டி எனப் பலராலும் போற்றப்படுவது. பதினான்கு சுற்றுகளின் முடிவில் கண்கள் வீங்கி ஃப்ரேசியரால் எதிராளியைக் காணவே இயலவில்லை. பதினைந்தாம் சுற்றுக்கு அவரை அனுப்ப எடீ ஃபுட்ச் மறுத்துவிட்டார். வென்ற அலியோ, மரணத்திற்கு மிக அருகில் சென்று மீண்ட அனுபவமாகவே அதைப் பின்னர் நினைவுகூர்ந்தார். அதன்பின்னும் அவர் ஆறாண்டுகள் ஆடினார். 1977இல் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்செக்கோ, ஓய்வுபெறுமாறு கூறியது ஏற்கப்படாததால் விலகிச் சென்றார். 1980 அக்டோபரில், ஒரு காலத்தில் தன் பயிற்சித் துணைவராக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். அப்போட்டிக்கு முன்னர் மருத்துவப் பரிசோதனை நடந்தது; அனுமதியும் வழங்கப்பட்டது. 1984இல் அவருக்கு பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. அவருடைய நோய்க்கு வாங்கிய குத்துகளே முழுக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அக்கால வீரர்களுள் அவர் தனித்து நிற்கவில்லை. ஜெர்ரி குவாரி மூளைச் சிதைவுக்கு ஆளாகி, 1999இல் 53 வயதில் காலமானார். ஃபிலாய்ட் பேட்டர்சன் நினைவாற்றல் குன்றியதால் 1998இல் தான் வகித்த பொதுப் பதவியைத் துறந்தார். சென்னையில் அலியுடன் புன்னகையோடு காட்சிப் போட்டி ஆடிய ஜிம்மி எல்லிஸும் மூளைச் சிதைவு நோயுடன் ஆண்டுகள் பல வாழ்ந்து 2014இல் மறைந்தார்.

மருத்துவ உலகம் இதை அறியாதிருக்கவில்லை. தலையில் வாங்கும் குத்துகளால் குத்துச்சண்டை வீரர்களுக்கு நேரும் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் பற்றி 1928இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதினார். 1973இல் பிரிட்டனின் கார்சலிஸ் குழுவினர் 15 முன்னாள் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சேதத்தின் அமைப்பை விவரித்தனர். பொற்காலத்தின் நடுவிலேயே இவ்வாய்வு வெளிவந்தது என்பது சிந்தனைக்குரியது. உலக மருத்துவச் சங்கம் 1983இல் குத்துச்சண்டையைத் தடைசெய்யுமாறு கோரியது.

இன்றைய களம் பாதுகாப்பானது என்று கூறுவோர் உளர். 1982இல் கொரிய வீரர் கிம் டுக்கூ உயிரிழந்தபின் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது உண்மை. எனினும் 2013 நவம்பர் 2ஆம் நாள், தோல்வியே காணாத தாகெஸ்தான் முஸ்லிம் வீரர் மகமது அப்துசலாமோவ், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பத்துச் சுற்றுகள் ஆடித் தோற்றபின் ஒரு வாடகைக் காரில் மருத்துவமனைக்குச் சென்றார். மூளையில் இரத்தக்கசிவு, நினைவிழப்பு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பு. 2017இல் நியூயார்க் மாநிலம் இரண்டு கோடியே இருபது இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. தன் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்ச இயலாத ஒரு தந்தைக்கு எத்தொகை ஈடாகும்?

மார்க்கத்தின் நோக்கு

உடல் வலிமையை இஸ்லாம் இகழவில்லை. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் வலிமை குன்றியவரைவிடச் சிறந்தவர் என்ற நபிமொழி முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ருகானா என்பவருடன் மல்யுத்தம் செய்து வென்றதாகக் கூறும் செய்தியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவுசெய்துள்ளனர். அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று எனத் திர்மிதீயே கூறியிருப்பதையும் சேர்த்துக் கூறுவது நேர்மையாகும்.

ஆனால் குத்துச்சண்டையின் இலக்குகளுள் எதிராளியின் தலையும் முகமும் அடங்கும். ஒருவரோடு மோதும்போதும் முகத்தில் தாக்குவதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரலி) வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். தம் கைகளாலேயே தம்மை அழிவிற்குள்ளாக்கிக் கொள்வதை அல்-பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கின்றது. தீங்கிழைத்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. இவற்றின் அடிப்படையில், மக்காவில் இயங்கும் உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் பேரவை, 1987இல் நடைபெற்ற தன் பத்தாம் அமர்வில், நடைமுறையிலுள்ள குத்துச்சண்டை மார்க்கத்தில் ஆகுமானதன்று எனத் தீர்மானித்தது. ஒருவர் மற்றவருக்கு மிகக் கடுமையான தீங்கு விளைவிப்பதை அனுமதிப்பதன் மீதே அவ்விளையாட்டு அமைந்துள்ளது என்பதும், குருட்டுத்தன்மை, மூளைச் சேதம், மரணம் வரை நேர்ந்தாலும் தாக்கியவர் பொறுப்பாளி ஆகார் என்பதும் அப்பேரவை சுட்டிய காரணங்கள். இருவரும் இசைந்தே ஆடுகின்றனர் என்ற வாதம் இங்கு எடுபடாது. உடல் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதை அழிக்க இசைவளிக்கும் உரிமை அவனுக்கில்லை. முகத்தைத் தாக்காது, காப்புச் சாதனங்களுடன், தற்காப்புக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் பயில்வதை இதனின்று வேறுபடுத்தி நோக்கும் அறிஞர்களும் உளர்.

மக்காவில் அத்தீர்மானம் நிறைவேறி முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரிய்யாவில் அம்மேடை அமைந்தது. பொற்காலத்தை மீட்க வேண்டும் என்ற இரசிகர்களின் ஏக்கத்தை நிறைவேற்றிய செல்வம் ஒரு முஸ்லிம் நாட்டினுடையது. அச்செல்வத்தின் வாயிலாக விளையாட்டு ஒழுங்கு பெற்றது என்பதை வரலாற்றாசிரியன் மறுக்க இயலாது. வலியவர் வலியவரை அடிக்கடி சந்திப்பதன் பொருள் யாது என்பதை மேலே கண்ட நாம், அவ்வொழுங்கைக் கொண்டாடவும் இயலாது.

அலியிடம் நாம் போற்றுவது எது?

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழலாம். குத்துச்சண்டை ஆகாதெனின், அதனாலேயே உலகறிந்த முஹம்மது அலியை முஸ்லிம்கள் போற்றுவது எவ்வாறு பொருந்தும்?

யாரை எதிர்கொண்டார் என்ற அளவுகோலை மேடைக்கு வெளியேயும் நீட்டிப் பார்ப்போமாயின் விடை கிட்டும். அலி எதிர்கொண்டவர்களுள் வலிமைமிக்கது ஃபோர்மனோ ஃப்ரேசியரோ அல்லர். தன் நாட்டு அரசே. 1967இல் வியட்நாம் போரில் பங்கேற்கத் தன் மனசாட்சியும் நம்பிக்கையும் இடந்தரவில்லை என்று மறுத்ததற்காக, ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டுக் காலத்தில் சிறைசெல்லவில்லையாயினும், ஒரு வீரனின் வாழ்வில் திரும்பி வாராத ஆண்டுகளை இழந்தார். 1971 ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தண்டனையை நீக்கியது. 1972இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். 1975இல் எலைஜா முஹம்மது மறைந்தபின், அவர் மகன் வாரிதுத்தீன் முஹம்மதின் வழிகாட்டலில் இனவாதமற்ற சுன்னத் வல் ஜமாஅத் நெறிக்கு வந்தார். 1990இல் நோயுற்ற உடலோடு பாக்தாத் சென்று அமெரிக்கப் பிணைக்கைதிகள் 15 பேர் விடுதலையுடன் திரும்பத் துணைநின்றார். 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது உலகம் கண்ணீர் மல்கப் பார்த்தது, அக்கையின் பழைய வலிமையை எண்ணி மட்டுமன்று. 2016 ஜூன் 3ஆம் நாள் அவர் மறைந்தபோது, லூயிவில் நகரில் நடைபெற்ற ஜனாஸாத் தொழுகைக்குப் பல நாடுகளிலிருந்தும் முஸ்லிம்கள் திரண்டனர்.

எதிரியைத் தரையில் வீழ்த்துபவன் வலியவன் அல்லன், சினத்தின்போது தன்னை அடக்கியாள்பவனே வலியவன் என நபி (ஸல்) அவர்கள் வலிமைக்கு இலக்கணம் வகுத்தார்கள். அவ்விலக்கணத்தின்படி அலியின் வாழ்வில் வலிமை வெளிப்பட்ட தருணங்கள் பெரும்பாலும் கையுறை கழற்றியபின் நிகழ்ந்தவை.

அன்றும் இன்றும் எனும் ஒப்பீட்டிற்கு நாம் காணும் முடிவு இதுவாகும். எழுபதுகளில் ஒழுங்கு சிறந்திருந்தது, வீரர்கள் துணிந்தவர்கள். இன்று ஒழுங்கு சிதறியுள்ளது. ஆயினும் துணிவு அற்றுப்போகவில்லை என்பதற்கு உசிக் சான்று. ஆனால் அப்பொற்காலம் மீளவேண்டும் என விரும்புவோர், மணிலாவின் பதினான்கு சுற்றுகளும், குவாரியின் ஐம்பத்து மூன்று வயதும், எல்லிஸின் மறதியும் அதனுடன் சேர்ந்தே மீளும் என்பதை உணரவேண்டும். நம் கண்களின் இன்பத்திற்காக இன்னொரு தாயின் மகன் தன் நினைவை இழக்கவேண்டும் என்று விரும்ப நமக்கு உரிமையில்லை. அலியின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர் கின்ஷாசாவின் எட்டாம் சுற்றைச் சொல்லட்டும். ஹூஸ்டனில் பெயர் அழைக்கப்பட்டபோது முன்னே நகராத அந்தக் காலடியை அதற்கு முன்னர் சொல்லட்டும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.